நெகிழ்வுச் சுமை இலக்கம் ஒன்று

காற்று அதிகமாக இருக்கிறது என்ற காரணத்தால் மெற்றில்டாவின் மின்சார விண்ணப்பம் முதல் தடவை திருப்பி அனுப்பப்பட்டது.

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் தாழம்பிட்டி என்றொரு குடியிருப்பு. பதினெட்டு வீடுகள். எல்லாம் இராமேஸ்வரம் பக்கத்து அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். ஆளுக்கொரு சின்னச் சூரியத் தகடு உண்டு; அதில் ஒரு பல்பு எரியும், ஒரு போன் சார்ஜ் ஏறும். மெற்றில்டாவின் வீடு கடைசி வீடு. அதற்குப் பின்னால் சவுக்கந்தோப்பைத் தாண்டினால் பதினோராம் இலக்கக் காற்றாலைக் கோபுரம். சோளகக் காற்று தொடங்கிவிட்டால் அது நாள் முழுக்க உறுமும். அந்த உறுமலுக்குப் பழகிக்கொண்டதாக எல்லோரும் சொல்வார்கள். ஆனால் யாரும் ஓரிடத்தில் அரை மணித்தியாலம் அமைதியாக உட்கார்ந்து அவள் கண்டதில்லை. கோபுரத்தில் உண்டாகும் மின்சாரம் அவளுடைய வேலிக்குக் கீழால் புதைத்த கம்பியில் பெருநிலத்துக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போனது. வழியில் எங்கும் அது தலை காட்டவில்லை.

அவளுக்கு மின்சாரம் தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு மில். பெண்களின் வாழ்வாதாரத்துக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் மாவும் மிளகாயும் அரைக்கிற மில் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. கரண்ட் இருக்கிறதா என்ற கேள்வி அவர்களுடைய படிவத்தில் இல்லை. ஓகஸ்ட் முடிவதற்குள் மில் ஓடாவிட்டால் அதை நறுவிலிக்குளத்தில் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம் என்பது மட்டும் படிவத்தின் கடைசி வரியில் இருந்தது. தாழம்பிட்டிப் பெண்களுக்கு ஒரு கொத்து அரிசி அரைப்பதற்கு பேசாலைக்கு பஸ் ஏறி, வரிசையில் நின்று, திரும்பிவர ஒரு பகல் போகும். மில் வந்த நாளிலிருந்து அவர்கள் அதை வந்து வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மெற்றில்டா கடிதத்தை எடுத்துக்கொண்டு மன்னார் ரவுணுக்குப் போனாள். காற்றுமின் ஒருங்கிணைப்பு அதிகார சபையின் கந்தோரில் எல்லா யன்னல்களும் பூட்டியிருந்தன. உள்ளே ஏசி ஓடியது. கவுண்டரில் இருந்த கீர்த்திகா ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினாள்.

"அக்கா, உங்கட காணி உற்பத்தி வலயத்துக்குள்ள நிக்குது."

"நான் ஒண்டும் உற்பத்தி செய்யேல்லையே, பிள்ளை."

"நீங்கள் இல்ல. காற்று. உற்பத்தி வலயத்துக்குள்ள பாவனை நடக்கக் கூடாது. நடந்தா எது போகுது, எது வருகுது எண்டு கொழும்புக்குக் குழப்பம் வந்திடும்."

"கோபுரத்துக்குக் கிட்ட இருக்கிறன் எண்டுதானே கேக்கிறன். கனதூரம் கம்பி இழுக்கவும் தேவையில்லை."

கீர்த்திகா இதை யோசித்துப் பார்த்தாள். அவள் கெட்டவள் அல்ல. தினமும் இருபது பேருக்கு இதே பதிலைச் சொல்லிச் சொல்லி அவளுடைய குரல் தேய்ந்திருந்தது.

"கிட்ட இருக்கிறதுதான் அக்கா பிரச்சினை. தூர இருந்தா நீங்கள் பாவனையாளர். இவ்வளவு கிட்ட இருந்தா நீங்கள் ஆரெண்டு இன்னும் பெயர் வைக்கேல்ல."

பெயர் வைக்கும் வரைக்கும் ஒரு வழி இருந்தது. அவளுடைய காணியில் காற்று இல்லை என்று அளந்து நிரூபித்தால், காணியை உற்பத்தி வலயத்திலிருந்து விடுவித்துவிடலாம். அதற்குப் பெயர் காற்றின்மைச் சான்றிதழ். மெற்றில்டா படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் பைறூஸ் யூன் முதல் கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றினான், காற்று அதைப் பறித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டிலில் போட்டது. அவன் அதைத் தேடி எடுத்துவந்து, பையிலிருந்து காற்றுமானியை வெளியே எடுத்தான். முற்றத்தில் பிடித்தான். அது பிய்த்துக்கொண்டு சுற்றியது.

"இது சரிவராது, அக்கா. வேற இடம் பார்ப்பம்."

குசினிக்குள் பார்த்தார்கள். கிடுகு இடுக்குகளால் காற்று வந்தது. மில் இருந்த கொட்டிலுக்குள் பார்த்தார்கள். மெற்றில்டா சாக்குகளைத் தூக்கிக் கட்டினாள். அவளுடைய கணவன் யோசேப்பு ஒரு பழைய வலையையும் படங்குச் சீலையையும் பிடித்துக்கொண்டு நின்றான். மானி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பவும் சுற்றத் தொடங்கியது. யோசேப்பு கடலுக்குப் போகிறவன். காற்றோடு இவ்வளவு மரியாதையாகப் பேசிப் பழக்கமில்லாதவன்.

"தம்பி, எங்களைப் பார்த்தா உங்களுக்குச் சிரிப்பு வரேல்லையா?" என்று கேட்டான்.

"வரும் அண்ணன். ஆனா மூண்டு நாள் மூண்டு வாசிப்பு எடுக்காமப் போனா என்னை விளக்கம் கேப்பினம்."

கடைசியில் மலசலகூடத்தில்தான் மானி நின்றது. சீமெந்துச் சுவர், தகரக் கதவு, யன்னல் இல்லை. பைறூஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணித்தியாலம் நின்றான். வியர்த்து வழிய வெளியே வந்து பூச்சியம் என்று எழுதினான். அடுத்த இரண்டு நாளும் வந்து அதே இடத்தில் நின்று அதையே எழுதினான். வாசிப்பு எடுத்த இடம் என்ற பெட்டியில் உண்மையை எழுதியதுதான் அவன் செய்த பிழை.

பத்து நாளில் அனுமதி வந்தது. மேற்படி காணியில் காற்றற்றதென உறுதிப்படுத்தப்பட்ட பகுதிக்கு, அதாவது மலசலகூடத்துக்கு மட்டும், மின்னிணைப்பு வழங்கலாம்.

மெற்றில்டா திரும்பவும் கவுண்டரில் நின்றாள். கீர்த்திகா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"மில்லை அதுக்குள்ள கொண்டுபோக ஏலாதோ, அக்கா?"

"கதவால போகாது. போனாலும் அதுக்குள்ள அரைச்ச மாவை ஆர் பிள்ளை சாப்பிடுவினம்?"

"அது சுகாதாரப் பகுதியின்ர விசயம். நாங்கள் அதுக்குள்ள தலையிட ஏலாது."

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மெற்றில்டாவுக்கு இருக்க முடியவில்லை. இடம் இருந்தும் எழுந்து நின்றாள். பாதி வழியில் இறங்கி நடந்துவிடலாமா என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும், மில்லைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னான் யோசேப்பு. அவள் மில்லின் மேலிருந்த மணலைத் துடைத்தாள். சோளகத்தில் அதை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாழம்பிட்டிக் கோயில் மண்டபத்தில் மக்கள் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. தலைப்பு, காற்று நமது எதிர்காலம். அதிகார சபையின் பிரதிப் பணிப்பாளர் அருள்நேசன் கொழும்பிலிருந்து வந்திருந்தார். திட்டத்துக்கு உதவி செய்கிற நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாவும், அவருக்கு மொழிபெயர்க்க ஓர் இளைஞனும் கூட வந்திருந்தார்கள். மண்டபத்தில் கரண்ட் இல்லாததால் ஒரு லொறியில் டீசல் ஜெனரேற்றர் வந்தது. ஒலிபெருக்கி, நாலு காற்றாடி, பிரதிப் பணிப்பாளருடைய கதிரைக்குப் பக்கத்தில் ஒரு குளிரூட்டி எல்லாம் அதில் ஓடின. வெளியே நல்ல சோளகம். ஆனால் கோபுரங்கள் பதினொன்றிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் அசையாமல் நின்றன.

அருள்நேசன் முக்கால் மணித்தியாலம் பேசினார்.

"சிலர் கேக்கினம், காற்று அடிக்குது, ஏன் கோபுரத்தை நிப்பாட்டியிருக்கிறியள் எண்டு. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகள் பூட்டு. கந்தோர்கள் பூட்டு. மின்சாரத்தைப் பாவிக்க நாட்டில ஆளில்லை. ஆளில்லாத நேரம் மின்சாரத்தை உள்ளுக்கு விட்டா முழு வலையமைப்பும் விழுந்திடும். அதால நிப்பாட்டுறம். நிக்கிற கோபுரம் சும்மா நிக்குது எண்டு நினைக்காதேங்கோ. ஒண்டும் செய்யாம நிக்கிறதும் ஒரு தேசிய சேவை. நான் இந்த அதிகார சபையில இருபத்தாறு வருசமா இருக்கிறன். எனக்கு அதின்ர அருமை தெரியும்."

முன் வரிசையில் இருந்த உத்தியோகத்தர்கள் கை தட்டினார்கள். கேள்விகள் உண்டா என்று கேட்டபோது மெற்றில்டா எழுந்தாள். கேட்க வேண்டுமென்று வந்தவள் அல்ல. உட்கார்ந்திருக்க முடியாமல்தான் எழுந்தாள். எழுந்தபின் எல்லோரும் பார்த்தார்கள்.

"ஆளில்லை எண்டு சொன்னியள் ஐயா. நான் இருக்கிறன்."

"விளங்கேல்ல."

"மின்சாரத்தைப் பாவிக்க ஆளில்லை எண்டியள். நான் மில்லோட நாலு மாசமா இருக்கிறன். ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறன்."

அருள்நேசன் அன்பாகச் சிரித்தார். "நீங்கள் ஒரு தனி மனுசி, அம்மா. நான் கதைக்கிறது தேசிய மட்டத்தில."

அதோடு விசயம் முடிந்திருக்கும். ஆனால் மொழிபெயர்த்த இளைஞன் அதையும் மொழிபெயர்த்துவிட்டான். வெள்ளைக்கார அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, மெற்றில்டாவின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். மிச்சமாகும் நேரத்தில் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக, கோபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் இருக்கிறாள். இப்படிப்பட்டவர்களைத்தான் தங்கள் நாட்டில் பல வருடமாகத் தேடுகிறோம் என்றார். இதற்கு அங்கே ஒரு பெயரும் இருந்தது. இளைஞன் சிறிது திணறி, "நெகிழ்வுச் சுமை" என்றான்.

அருள்நேசன் ஒலிவாங்கியைத் திரும்ப எடுத்தார். மெற்றில்டாவைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் அதிகார சபை நெடுங்காலமாக ஒரு முன்னோடித் திட்டத்தைத் தயாரித்து வந்திருக்கிறது என்றார்.

மூன்றாம் நாள் மின்கம்பங்கள் வந்தன. ஐந்தாம் நாள் மில் கொட்டிலுக்கு இணைப்பு வந்தது. தொண்டு நிறுவனத்துப் பெண் வந்து மோட்டர் சுற்றுவதைப் படம் பிடித்து, படிவத்தில் சரி அடையாளம் போட்டுவிட்டுப் போனாள். மீற்றர் மட்டும் வரவில்லை. இந்த வகைப் பாவனைக்கு எந்த மீற்றர் என்று தீர்மானிக்க ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. பைறூஸ் ஓர் அட்டையைச் சுவரில் அறைந்தான். நெகிழ்வுச் சுமை இலக்கம் ஒன்று, தாழம்பிட்டி. பிறகு விதிகளை வாசித்துக் காட்டினான்.

"சொன்ன நேரம் சுமை ஓட வேணும். சொன்ன நேரம் நிற்க வேணும். ஓடட்டுமா எண்டு சுமை கேக்கக் கூடாது. சுமை தனது இடத்தைவிட்டு இடம்பெயரலாகாது."

"கடைசியைத் திரும்ப வாசியுங்கோ தம்பி."

அவன் வாசித்தான். மெற்றில்டா எட்டு வயதில் ஒரு வள்ளத்தின் அடியில் தாயின் மடியைப் பிடித்துக்கொண்டு இந்தத் தீவைவிட்டுப் போனவள். இருபத்திரண்டு வருடம் மண்டபம் முகாமில் தகரக் கொட்டிலில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். இடம்பெயர்ந்தவர் என்று அவளுக்கு ஒரு அட்டை இருந்தது. மீளத் திரும்பியவர் என்று இன்னொன்று. இடம்பெயரக் கூடாது என்று ஒருவரும் அவளிடம் இதற்கு முன் சொன்னதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவளுடைய வாழ்க்கை போனில் நடந்தது. கொழும்புக் கட்டுப்பாட்டு அறையில் தமிழ் தெரிந்தவனாக றிஸ்லான் என்றொருவன் இருந்தான்.

"சுமை ஒண்டா?"

"ஓம் தம்பி, சுமைதான் கதைக்கிறன்."

"மிச்சம் இருக்குது. ஓடுங்கோ."

அவள் ஓடுவாள். பெரும்பாலும் ஞாயிறு காலைதான், பூசை நேரமாகப் பார்த்து. பிரசங்கம் பாதியில் நிற்கும்போது அவள் மட்டும் எழுந்து முக்காட்டைப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடுவதைப் பார்த்து சுவாமியாரும் பழகிவிட்டார். குளிக்கும்போது போன் கிணற்றுக் கட்டில் இருந்தது. சோறு தின்னும்போது மடியில் இருந்தது. அடித்தால் எடுக்க வேண்டும், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஒரு போயா விடுமுறை நாளில் அரைப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது ஓடச் சொன்னார்கள். அரைத்த மாவையே திரும்ப அரைத்தாள். மூன்றாம் தடவை அது முகத்துக்குப் பூசுகிற பவுடர் போல வந்தது.

"வெறும் மில்லை ஓட்டினாக் காணும்தானே?" என்று யோசேப்பு கேட்டான்.

"கல்லுச் சூடாகி வெடிச்சிடும்."

"அப்ப அது அரைக்கிற மில் இல்ல, மெற்றில். உன்னை அரைக்கிற மில்."

ஓகஸ்ட் பதினைந்து மடு மாதா திருநாள். தாழம்பிட்டி முழுக்க மூன்று நாளுக்கு முன்பே போய்க் காட்டுக்குள் கூடாரம் அடிக்கும். அதற்கு முன் அரிசி மா, மிளகாய்த்தூள், சரக்குத்தூள் எல்லாம் அரைத்து முடிக்க வேண்டும். இந்த முறை ஒருவரும் பேசாலைக்குப் போகவில்லை. எட்டாம் திகதியிலிருந்து சாக்குகளும் வாளிகளும் மெற்றில்டாவின் முற்றத்தில் வந்து சேர்ந்தன. போன் அடிக்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. மிளகாய் வெயிலில் கிடந்து நெடி கிளப்பியது. பெண்கள் கொட்டிலின் நிழலில் குந்தியிருந்து போனைப் பார்த்தார்கள். ஊறவைத்த அரிசி புளிக்கத் தொடங்கிவிட்டது என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

மெற்றில்டா பைறூசுக்கு எடுத்தாள்.

"அக்கா, சுமை கேக்கக் கூடாது எண்டு இருக்குதே. நான் என்ன செய்யிறது?"

பதினொன்றாம் திகதி மத்தியானம் அவள் நேரே கட்டுப்பாட்டு அறைக்கு எடுத்தாள்.

"சுமை ஒண்டு கதைக்கிறன், தம்பி. இப்ப ஓட்டட்டோ?"

சுமை தானாகப் பேசி றிஸ்லான் கேட்டதில்லை.

"இப்ப ஏலாது அம்மா. வலையமைப்பு சமநிலையில இருக்குது. ஒரு சொட்டுக் கூடினாலும் ஆபத்து."

"நான் ஓட்டினா என்ன நடக்கும்?"

"சொல்ல ஏலாது. நாடே இருண்டாலும் இருளும்."

அவள் போனை வைத்தாள். கொட்டிலுக்குள் போனாள். சுவிட்சில் கை வைத்தாள், எடுத்தாள். முற்றத்துக்கு வந்து சாக்குகளை எண்ணுவதுபோல் பார்த்தாள். திரும்பவும் உள்ளே போனாள். ஒரு பெண்ணின் கைப்பையைவிடச் சிறிய சுவிட்ச். அதன் மறுமுனையில் கொழும்பில் ஆஸ்பத்திரிகள், ரயில்கள், பிரதிப் பணிப்பாளருடைய குளிரூட்டி. யோசேப்பைக் கரண்ட் உள்ள பேசாலைக்கு அனுப்பினாள். அவன் போய்ச் சேர்ந்து போன் எடுத்தான்.

"இஞ்ச சலூனில நிக்கிறன். லைட் எரியுது. காற்றாடி சுத்துது."

"அதைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கோ. நிண்டா உடன சொல்லுங்கோ."

மெற்றில்டா கண்ணை மூடி, மருதமடு மாதாவே என்று சொல்லிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். மோட்டர் முனகி, பிடித்து, ஓடத் தொடங்கியது. பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை.

"என்னண்டு?" என்று போனில் கத்திக் கேட்டாள்.

"சுத்துது."

"இப்ப?"

"சுத்துதடி. தலைமயிர் வெட்டுற ஆளும் வெட்டிக்கொண்டுதான் நிக்கிறார். ஏன் இப்பிடி மேல பார்த்துக்கொண்டு நிக்கிறீர் எண்டு என்னைக் கேக்கிறார்."

முதல் சாக்கு அரிசியை யாரோ தூக்கிக் கொட்டினார்கள். பொழுது சாயும்வரை மில் ஓடியது. மிளகாய் நெடியில் எல்லோரும் தும்மினார்கள், கண்ணைத் துடைத்தார்கள். நாடு இருளவில்லை. அந்த ஒரு பின்னேரம் முழுக்க மெற்றில்டா முக்காலியில் ஓரிடத்திலேயே உட்கார்ந்து மாவைத் தள்ளினாள்.

அடுத்த நாள் அவளும் மடுவுக்குப் போனாள். விடுமுறை விண்ணப்பம் ஒன்று இருந்தது. அதில் தனக்குப் பதிலாக அதே நிறையுள்ள வேறொரு சுமையின் பெயரைக் குறிப்பிட வேண்டும். அவள் அதை நிரப்பவில்லை.

திருநாளன்று மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு சனம் நகர்ந்த நேரம் இடுப்பில் போன் அதிர்ந்தது. சுற்றிவர ஆயிரக்கணக்கான குரல்கள், ஒலிபெருக்கி, மணி.

"சுமை ஒண்டா? இண்டைக்குச் சரியான மிச்சம். அதிர்வெண் ஏறிக்கொண்டு போகுது. உடன ஓடுங்கோ."

மெற்றில்டா சுருவத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. ஆனால் வேறு இடத்தில் அவள் இல்லை.

"ஓடுது தம்பி."

"சத்தம் கேக்குது. நல்லது. வையாதேங்கோ."

அவள் வைக்கவில்லை. சனத்தோடு நடந்தாள். சில நிமிடத்தில் றிஸ்லானின் குரல் தளர்ந்து, இலேசாகி வந்தது.

"இறங்குது அம்மா. இறங்கிட்டுது. இஞ்ச எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கினம். பெரிய உதவி."

"ஓம் தம்பி," என்றாள் மெற்றில்டா. அவளுக்கு அவனை நினைக்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு மில் சனம் வந்த நேரமெல்லாம் ஓடியது. போன் வந்த நேரமெல்லாம் அவள் எடுத்தாள். ஓடச் சொன்னால் ஓடுது என்றாள். நிற்பாட்டச் சொன்னால் மில்லுக்குப் பக்கத்தில் நின்றே, நிற்பாட்டிவிட்டேன் என்று கத்தினாள். நூற்றுக்கு நூறு கீழ்ப்படிவு என்று அதிகார சபையின் காலாண்டு அறிக்கை சொன்னது. அந்த வெற்றியைப் பார்த்து, தாழம்பிட்டியின் மற்றப் பதினேழு வீடுகளையும் நெகிழ்வுச் சுமைகளாக இணைப்பது என்று தீர்மானமானது. ஒக்டோபரில் கம்பங்கள் வந்து இறங்கின. மில் இல்லாதவர்களுக்கு ஒரு பல்பும் ஒரு காற்றாடியும் போதும் என்று விதி திருத்தப்பட்டது.

புதிய சுமைகளுக்கான பயிற்சிப் பட்டறை கோயில் மண்டபத்தில் நடந்தது. அருள்நேசன், சுமையாக இருப்பதன் பெருமை பற்றி ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு, அனுபவமுள்ள சுமை இப்போது உங்களைப் பயிற்றுவிப்பார் என்று ஒலிவாங்கியை மெற்றில்டாவிடம் கொடுத்தார். பைறூஸ் பேனையும் பதிவேடும் எடுத்துத் தயாராக இருந்தான். பதினேழு வீட்டுச் சனமும் அவளைப் பார்த்தது. பாதிப்பேர் அன்று மில் முற்றத்தில் மூச்சை அடக்கி நின்றவர்கள்.

"போன் வந்தா ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் மெற்றில்டா.

பைறூஸ் எழுதினான். அவள் வேறொன்றும் சொல்லாததால் தலையை நிமிர்த்தினான்.

"வேற ஏதும் இருக்குதா அக்கா? பயிற்சிக்கு மூண்டு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கு."

மெற்றில்டா யோசித்தாள்.

"போனை எப்பவும் சார்ஜில வச்சிருங்கோ," என்றாள். "இனிக் கரண்ட் இருக்குதுதானே."